இடது கையால் எடுத்த சீட்டு

இஞ்சிக் கேக்கைச் சுட்ட அன்றே வெட்டக் கூடாது, எம்ரிஸ். டின்னில் போட்டு மூடி நாலைந்து நாள் மறந்துவிட வேண்டும். அப்போதுதான் பாகு ஊறிப் பதமாகும். இது போன வாரம் சுட்டது, ஒரு துண்டு எடுத்துக்கொள். வேல்ஸிலிருந்து இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறாய். வெறும் வயிற்றோடு கேட்கிற விஷயமில்லை இது.

உன் அம்மாவின் பச்சை அங்கியையும் கறுப்புப் பிடிபோட்ட பூஜைக் கத்தியையும் மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ கேட்டது அவ்வளவுதான். ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டாய். "வின் ஆன்ட்டி, அம்மா ஏன் ஆஸ்பத்திரிக்கே போகல? உங்களுக்குத் தெரியாம இருக்காதே." தெரியும். உட்கார், சொல்கிறேன்.

நீ எங்கள் வட்டத்துக்குள் தவழ்ந்து வளர்ந்தவன். பௌர்ணமி பூஜையில் ரொட்டியும் ஒயினும் கைமாறிய பிறகு நான் குறி பார்க்கிற டாரட் சீட்டை விசிறியாக விரிப்பேன்; ஒவ்வொருவராக வந்து இடது கையால் ஒன்றை உருவிக் கவிழ்த்தபடியே என்னிடம் தருவார்கள். நான்தான் திருப்பிப் பார்க்க வேண்டும், நான்தான் சொல்ல வேண்டும். சீட்டுக்கட்டை என்னைத் தவிர வேறு யாரும் தொட்டுக் கலைக்கக் கூடாது. இதெல்லாம் உன் அம்மா கிளெனிஸ் பூசாரியான பிறகு அவளே வகுத்த முறை. நிலாவையும் தேவியையும் கும்பிடுகிற எங்கள் விக்கா வழியில் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முறை, எங்களுக்கு இது.

அவளுக்கு இன்னொரு விதியும் இருந்தது. வளர வேண்டியதை வளர்பிறையில் தொடங்கு, ஒழிய வேண்டியதைத் தேய்பிறையில் ஒழி. பெரிய காரியமென்றால் பௌர்ணமியன்று சீட்டைக் கேள். சரி என்று வந்தால் நிலா தேய்ந்து மறைவதற்குள் முடித்துவிடு. இல்லையென்றால் அடுத்த பௌர்ணமி வரை பொறு. நாங்களெல்லாம் இதைக் கொஞ்சம் விளையாட்டாகத்தான் வைத்திருந்தோம். நம் வட்டத்துப் பெர்னார்ட் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் புது வண்டி வாங்கச் சீட்டு கேட்டான், இடிகிற கோபுரம் வந்தது, மறுநாளே வாங்கிவிட்டான். இன்றைக்கும் அந்த வண்டி ஓடுகிறது.

கிளெனிஸுக்கு அது விளையாட்டில்லை. காரணம் உன் அப்பா. லாமஸ் அறுவடைப் பண்டிகையன்று இட்ரிஸுக்கும் அதே கோபுரம் வந்தது. "வின், உன் சீட்டுக்கு மழை ஒழுகுற கூரை தெரியுமா?" என்று சிரித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். அந்தக் கூரையிலிருந்து அவன் உயிரோடு இறங்கவில்லை, உனக்குத் தெரியும். அன்றிலிருந்து சீட்டின் பேச்சை உன் அம்மா தட்டியதே இல்லை. அவள் தட்டமாட்டாள் என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

போன வருஷம் கோடைப் பண்டிகை முடிந்ததும் மார்பில் கட்டி இருப்பதைச் சொன்னாள். சின்னக் கட்டி, இப்போதே எடுத்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுப்பது ஒழிக்கிற காரியம், ஆகவே தேய்பிறை. ஆகவே பௌர்ணமியன்று சீட்டு. அந்த முதல் பௌர்ணமியில் வந்தது தலைகீழாகத் தொங்கும் மனிதன். பொறு என்பதுதான் அதற்கு அர்த்தம், எந்தப் புத்தகத்திலும் பார். நான் எதையும் திரிக்கவில்லை.

பெர்னார்டுக்குப் பொறுக்கவில்லை. "பூசாரியம்மா, நாம கும்பிடுற தேவிக்கே பல்லு வலிச்சா டென்டிஸ்ட்டுகிட்டத்தான் ஓடுவா. நிலாவுக்கு உன் மாரப் பத்தி என்ன தெரியும்? கிளம்பு, நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

"ஒரு மாசத்துல என்னய்யா ஆயிடப்போகுது? வாய மூடிட்டு ஒயின ஊத்து" என்றாள் உன் அம்மா.

அந்த ஒரு மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதம். தனியாகத் தூங்கப் பயமாயிருக்கிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். நான் கீழே கடையில் நாய்களுக்கு முடி வெட்டிக்கொண்டிருப்பேன். மேலே அவள் ரேடியோவோடு சேர்ந்து தப்புத் தப்பாகப் பாடுவாள். சாயங்காலம் மேட்டு நிலத்தில் நடந்துவிட்டு வந்து டோஸ்ட்மேல் அவரைப் பயறு போட்டுத் தின்போம். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை, பிள்ளையில்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருமுகிற சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியாது, உன் வீட்டில் ஐந்து பேர்.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின வாரம், பாத்திரம் துடைத்தபடியே சொன்னாள். "வின், ஆபரேஷன் முடிஞ்சதும் நான் எம்ரிஸ்கிட்டப் போயிடலாம்னு இருக்கேன்டி. தோட்டத்தப் பாத்தாப்ல எனக்குன்னு ஒரு ரூம் கட்டிவச்சிருக்கான். பேரப்பிள்ளைங்க வேற."

"வட்டத்த யாரு பாத்துக்குவா?" என்றேன்.

"நீ இருக்கியே."

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள். நான் கோபப்படவில்லை, எம்ரிஸ். உன்மேலும் எனக்குக் கோபமில்லை. பெற்ற தாய்க்கு அறை கட்டுவது நல்ல பிள்ளை செய்கிற வேலை. நான் யோசித்தேன், அவ்வளவுதான். கட்டி இருக்கிறவரை அவள் இங்கே இருப்பாள்; கட்டி போனால் அவளும் போவாள். அப்போது கட்டி எனக்கு எதிரியாகத் தெரியவில்லை.

சீட்டுக்கட்டிலிருந்து சூரியனை எடுத்தேன். பிறகு தேர்ச் சீட்டை. பிறகு ஒற்றை வாளை. கத்தி வைக்கலாமா என்று கேட்கிறவளுக்கு அது வந்தால் வேறு அர்த்தமே சொல்ல முடியாது. இன்னும் சிலவற்றையும் எடுத்தேன், "போ" என்று சொல்லக்கூடியவை எல்லாவற்றையும். தையல்பெட்டிக்கு அடியில் வைத்தேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் பயமே வரவில்லை. கட்டு கொஞ்சம் மெலிந்துபோயிற்று, ஆனால் அதைத் தொடுகிற கை என் கை மட்டும்தானே.

நீ இப்படிப் பார்ப்பாய் என்று தெரியும். ஒன்றை மட்டும் நினைத்துப் பார். நான் அவளுக்கு எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே, தன் இடது கையால், தான் விரும்பியதை உருவினாள். வந்ததை வந்தபடியே சொன்னேன். துறவி வந்தால் துறவி என்றேன், கோப்பை வந்தால் கோப்பை என்றேன். யாருக்கும் தீங்கில்லாதவரை உன் இஷ்டப்படி செய் என்பது எங்கள் தர்மம். அதை நான் ஒருநாளும் மீறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலையுதிர்காலம் முழுக்க அப்படிப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம் அவளே எடுத்து "அடுத்த மாசம் பாக்கலாம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்தால் எனக்குக் கண்ணைக் காட்டுவாள், அவனிடம் சொல்லாதே என்று. நான் வாக்குக் கொடுத்திருந்தேன். காப்பாற்றினேன். தோள்வரை வலி ஏறிய பிறகு அவளால் தலை வார முடியவில்லை, நான் வாரிவிட்டேன். குளிப்பாட்டினேன். செந்தட்டிக் கீரை சூப்பை ஆற்றி ஊட்டினேன். மிரண்டுபோன பிராணியிடம் குரலை உயர்த்தக் கூடாது, கையை மெதுவாக வைக்க வேண்டும். அது என் தொழில். என்னைப்போல் அவளைப் பார்த்துக்கொள்ள உன்னாலும் முடிந்திருக்காது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

யூல் பண்டிகைக்கு பெர்னார்ட் வீட்டுக் கொல்லையில் நெருப்பு மூட்டினோம். சூரியன் மறுபடி பிறக்கிற நாள் என்று ஆளுக்கொரு மெழுகுவத்தியோடு நின்றோம். கம்பளியைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருந்த உன் அம்மா திடீரென்று சொன்னாள்.

"ஏன் வின், இந்த வருஷம் யாருக்குமே சூரியன் சீட்டு வரலியே. கவனிச்சியா?"

"உக்காந்து அதையா எண்ணிட்டிருந்த?" என்றேன்.

"எனக்கு வேற என்னடி வேல?"

பெர்னார்ட் சிரித்தான். "யார்க்‌ஷர்ல சூரியன் என்னைக்கு வந்திருக்கு? போன ஆகஸ்ட்லயே வரல." எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜனவரியில் டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டி பரவத் தொடங்கிவிட்டது, ஆனால் இப்போது வந்தால்கூடக் காப்பாற்ற வழி இருக்கிறது, இனியும் தள்ளினால் இல்லை என்றார். கிளெனிஸ் கையெழுத்துப் போடச் சம்மதித்தாள், பிப்ரவரித் தொடக்கத்தில் இம்பல்க் பண்டிகையை ஒட்டி வருகிற பௌர்ணமி கழிந்ததும். டாக்டரம்மா என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டு, "நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். "நான் சொல்லிக் கேக்குறவளா அவ?" என்றேன்.

ஆனாலும் எனக்கு மனசு உறுத்தியது. அவள் கை சுள்ளியாகிவிட்டிருந்தது. அதனால் அந்தப் பௌர்ணமியன்று காலையில் தையல்பெட்டியைத் திறந்து எல்லாச் சீட்டையும் கட்டுக்குள் சேர்த்துவிட்டேன். ஒன்றைக்கூடப் பிடித்துவைக்கவில்லை. நன்றாகக் கலைத்தேன். இனி தேவி பாடு, கிளெனிஸ் பாடு என்று விட்டுவிட்டேன். அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்.

நிலா கிளம்புகிற நேரத்தில் அவள் கட்டிலருகே விசிறியை விரித்தேன். மற்றவர்கள் கீழே ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடியபடியே, தடவித் தடவி ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் கொடுத்தாள். "என்னடி வந்துச்சு?" என்றாள். நிலவுச் சீட்டு என்றேன். வழி தெளியவில்லை, பொறு. "சரி" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மார்ச் கடைசியில், டாஃபடில் பூத்த வாரம் போய்ச்சேர்ந்தாள். நீ வந்து சேரும்போது நான் அவள் தலையை வாரி முடித்திருந்தேன்.

போகவில்லை, எம்ரிஸ். அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். அவள் இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை. மாடியில் இருமல் கேட்கிறது. கடைக்கு வருகிற நாய்கள் படிக்கட்டைப் பார்த்து வாலாட்டுகின்றன, குரைப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் ஆசைப்பட்டதே அதைத்தானே என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு பௌர்ணமியிலும் நான் சீட்டை விரிக்கும்போது எல்லோரும் எடுத்து முடித்த பிறகும் இன்னொரு ஆள் முறைக்காகக் காத்திருப்பது தெரிய ஆரம்பித்தது. உடனே கட்டை மூடிவிடுவேன்.

நேற்று சவின். இறந்தவர்களுக்கு நாங்கள் பேச்சில்லாத விருந்து வைக்கிற நாள். இனிப்பில் தொடங்கிச் சூப்பில் முடிப்போம், எல்லாம் பின்னிருந்து முன்னாக, ஒரு வார்த்தை பேசக் கூடாது. காலி இடத்துக்கும் ஒரு தட்டு வைப்போம். பெர்னார்ட் அவளுக்குப் பிடித்த ஆப்பிள் கேக்கை வைத்தான். பொழுது சாய்ந்த வேளை, விளக்குக்கூட ஏற்றவில்லை. தலையை நிமிர்த்தினேன், உட்கார்ந்திருந்தாள். பழைய பச்சை அங்கி. கோபமே இல்லை, வலியும் இல்லை. கேக்கைத் தொடவில்லை. இடது கையை மட்டும் என் பக்கமாக நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்திருந்தாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவள் மாதிரி.

மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. சாப்பாடு முடிகிறவரை அந்தக் கை அங்கேயே இருந்தது. நான் அழுதேன். சத்தம் வரக்கூடாதே என்று துணியைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அதனால்தான் உன்னை உட்காரச் சொன்னேன். நீ போலீஸுக்குப் போவதானால் போ. சீட்டை மறைத்ததற்கு என்ன சட்டம் இருக்கிறது என்று அவர்களும் தேட வேண்டியிருக்கும். பெர்னார்டிடம் சொல்ல வேண்டுமென்றாலும் சொல்லிவிடு. எனக்கு மறைக்க எதுவுமில்லை. ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இம்பல்க் மாலையில் சீட்டை விரிக்கக் குனிந்தபோது கட்டிலுக்கு அடியில் அவளுடைய சூட்கேஸைப் பார்த்தேன். என்னிடம் சொல்லாமலே அடுக்கி வைத்திருந்தாள். பேரப்பிள்ளைகளுக்குப் பின்னிய குல்லாய்கள் மேலாக இருந்தன. அதற்குள் அவள் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். திருப்பிப் பார்த்தேன். அது நிலவில்லை, எம்ரிஸ். அது சூரியன். சீட்டுக்கட்டில் இருந்த அத்தனையிலும் அவள் கை அதைத்தான் தேடி எடுத்தது. நான் அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நிலவு என்றேன்.

இத்தனை வருஷச் சிநேகிதத்தில் நான் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.