உத்தரத்தில் இருபத்துமூன்று தழும்பு

...ஒரு ஹீட்டரு தம்பி. ஒரே ஒரு ஹீட்டரு. நான் என்ன அரமனையா கேட்டேன்? குனிஞ்சு வாங்க, நெல இடிக்கும்... ம், இடிச்சிருச்சா? விடுங்க, பிஷப்புக்கே இடிச்சுது.

வியாழக்கெழம மத்தியானம் இங்க சீட்டாட பதினாறு பேரு வர்றாங்க. வெரல் வெறச்சுப் போயி போன வாரம் நார்மன் ரெண்டு சீட்டச் சேத்துப் போட்டுட்டாரு. அவரு பொண்டாட்டி இன்னும் அவரோட பேசல. இந்த வாரத்துலேர்ந்து எல்லாரும் பக்கத்து ஊரு டெல்பிரிட்ஜ் சேப்பலுக்குப் போறாங்களாம். அங்க கதகதன்னு இருக்காம். பிஸ்கோத்தப் பாதியா ஒடச்சுக் குடுக்கற ஊரு அது. அங்க போயி நான் உக்காரணுமா? அம்பது வருஷமா இந்தச் சாவி எங்கிட்ட இருக்கு தம்பி.

இதுக்கெல்லாம் யாரு காரணம்? நீங்கதான். கோவிச்சுக்காதீங்க. 'சரித்திரச் சின்னம், சொவத்துல ஆணிகூட அடிக்கக் கூடாது'ன்னு வந்த உத்தரவுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நீங்கதானே?

இந்தக் கட்டடம் பாக்காததா? ஆயிரத்து நானூத்தி எழுவதுல திரித்துவ சபக்காரங்க கட்டுனாங்க. செத்தவங்க ஆத்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறது, வருஷத்துக்கு ஒருநா வாத்த அடிச்சு வயிறு முட்டத் திங்கறது... ஜெபத்த விட வாத்துதான் ஜாஸ்தின்னு எங்க வீட்டுக்காரரு சொல்வாரு. அப்பறம் ராஜா சபையக் கலச்சுட்டாரு. அதுக்கப்பறம் ஏழைங்கள அடச்சு வெச்சாங்க. அப்பறம் மேல பள்ளிக்கூடம், கீழ பன்னி. பன்னிக்குன்னு தனியாக் கதவே வெட்டுனாங்க தம்பி, அந்தா பாருங்க. அப்ப எவனும் வந்து தடுக்கல. நான் ஹீட்டரு கேட்டாத்தான் சட்டம் பேசறாங்க.

சரி, டார்ச்ச உத்தரத்துல அடிங்க. இருவத்திமூணு தழும்பு. கொள்ளநோயில செத்த சபக்காரங்க ஆளுக்கு ஒண்ணா, சொந்தக்காரங்க மெழுகுவத்தியால சுட்டு ஜெபம் பண்ணாங்கன்னு புஸ்தகம் எழுதிட்டீங்க. பாதிரியாரு வருஷா வருஷம் நவம்பர்ல இதுக்குக் கீழ நின்னு ஜெபம் பண்றாரு. ஒரு ஜப்பான்காரம்மா தேம்பித் தேம்பி அழுதுச்சு. நான்தான் கைக்குட்டை குடுத்தேன்.

அது... எப்படிச் சொல்றது... அது நான் வெச்ச சூடு தம்பி.

எழுவத்திரெண்டுல சுரங்கத்து ஆளுங்க வேலநிறுத்தம், ஊரெல்லாம் கரண்டு கட்டு. மெழுகுவத்தி வெளிச்சத்துல சீட்டாடறோம். உத்தரத்துக்குள்ள மரவண்டு டொக்கு டொக்குன்னு தட்டுது. அது தட்டுனா வீட்டுல சாவு விழும்பாங்கள்ல, ஒருத்தருக்கும் ஆட்டத்துல கவனமில்ல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஏணியப் போட்டேன். எங்கெங்க தட்டுச்சோ அங்கங்க மெழுகுவத்தியக் காட்டினேன். இருவத்திமூணு எடம். வண்டு சாகல, அது வேற கத.

ஏணியப் புடிச்சிருந்தது எங்க வீட்டுக்காரரு செட்ரிக்குதான். அவரு போனப்பறம் நானே இதுக்குக் கீழ நின்னு அழுதிருக்கேன். நான் வெச்ச சூடுன்னு தெரிஞ்சேதான் அழுதேன். அதான் இத்தன வருஷமா வாயத் தொறக்கல.

ஆக, தழும்பு பழசு இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா ஹீட்டர மாட்டிக்குவோம்... தம்பி? ஏன் தரையில உக்காந்துட்டீங்க? தரை ஜில்லுனு இருக்குமே... என்னது, ரெண்டாம் பதிப்பும் வந்துருச்சா?... புரொபசர் வேலை கெடச்சதே இதுலதானா?... அட கடவுளே... எதுக்கு வாயில வெரல வெக்கறீங்க? யார்ட்டயும் சொல்லக் கூடாதா?

ம்ம்.

சரி, சொல்லல. ஆனா ஹீட்டரு இல்லேன்னா வியாழக்கெழம இங்க நான் ஒருத்திதான் உக்காந்திருப்பேன். ஒரு மேசைக்கு நாலு பேரு வேணும். ரெண்டு மணிக்கு வந்துருங்க, கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்க. உங்க காலேஜுல வாயத் தொறக்காதவங்க யாராவது இருப்பாங்கள்ல?