கோடு விழாத படம்

ஐயா, அந்த நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்து உட்காருங்கள். தரையில் உரசுகிற சத்தம் எனக்கு ஆகாது. மற்றபடி குறை ஒன்றுமில்லை, இங்கே நன்றாகவே கவனித்துக்கொள்கிறீர்கள்.

வீட்டிலும் நான் அப்படித்தான். "உங்ககூடக் குடித்தனம் பண்றதும் ஒண்ணு, சுவத்துகூடப் பண்றதும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. முதலில் அந்த அமைதி நன்றாகத்தான் இருந்தது. பிறகு தூக்கம் வராமல், சமையலறைக் குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வைத்துவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இடி என்கிறவன் செத்த விஷயம் உங்களுக்குப் புரியாது. மூலக்கூறைப் பார்ப்பது என் வேலை. கூட்டமாக அல்ல, ஒன்றே ஒன்றை. கண்ணால் பார்க்க முடியாது. நுனியில் ஒரே ஓர் அணு நிற்கிற ஊசியை அதன் மேலே கொண்டுபோவோம், ஆனால் தொட மாட்டோம். தொடாத அந்த இடைவெளியை மின்சாரம் துளித் துளியாகத் தாண்டும். அது கூடுவதையும் குறைவதையும் வைத்துக் கணினியில் வரி வரியாகப் படம் வரும். எல்லாம் கடுங்குளிரில் நடக்கும், இல்லாவிட்டால் மூலக்கூறு ஓரிடத்தில் நிற்காது. தாழ்வாரத்தில் யாராவது நடந்தால் போதும், ஊசி நடுங்கிப் படத்தில் கோடு விழுந்துவிடும்.

அந்தக் கோடுகளை வைத்தே எனக்கு ஆட்களைத் தெரியும். ஆய்வுக்கூட இயக்குநர் அம்மாவின் கோடு நெருக்கமாக விழும். காவலாளி ஒரு காலைச் சாய்த்து நடப்பார், அதுவும் தெரியும். குளிர்விக்கிற திரவ நைட்ரஜனை நிரப்புகிறவனுக்கு நாங்கள் வைத்த பெயர்தான் இடி. தொம் தொம் என்று வந்து நின்று, "சார், சாப்டீங்களா?" என்பான். அந்தக் கட்டடத்தில் என்னிடம் அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். படம் பாழாகிவிட்டதே என்று எரிச்சல் வரும். அவன் வராத நாளில் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தது மூன்று கை உள்ள ஒரு மூலக்கூறு. ஊசியால் மெல்லத் தூண்டினால் திரும்பும், ஆனால் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நான் நினைத்த பக்கம் திருப்பி நிறுத்துவதற்குப் படாத பாடு பட்டேன். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அது திரும்பி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? படம் எடுக்கத் தொடங்கினேன். கால்வாசி வருவதற்குள் இடி வந்துவிட்டான்.

நைட்ரஜன் ஊற்றுகிற அறை என் அறையை ஒட்டியது, சின்னது. ஊற்றும்போது ஆவியாகி மூச்சுக் காற்றை வெளியே தள்ளிவிடும். அதற்காகத்தான் அங்கே ஒரு விசிறியும், காற்று குறைந்தால் அலறுகிற மணியும் வைத்திருந்தார்கள். விசிறி ஓடினால் என் படத்தில் அலை அலையாக வரும். அணைத்திருந்தேன். மணி சும்மா சும்மா கத்துகிறது என்று அதன் வயரை முன்பே பிடுங்கியிருந்தேன்.

"ஃபேன் ஓடலையே சார்?" என்றான்.

"ரிப்பேர்ப்பா. கொஞ்ச நேர வேலைதானே, கதவைச் சாத்திக்கிட்டு ஊத்து."

"நீங்க சொன்னா சரி சார். முகமே நல்லா இருக்கே இன்னிக்கு, என்ன விசேஷம்?"

"முடிச்சிட்டு வா, காட்டறேன்."

அந்தக் கதவு சாத்தினால் நிற்காது, லொடலொடவென்று ஆடும். வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்துவிட்டீர்களா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை ஐயா, கை நன்றாகவே ஓடியது. படத்தில் முதலில் ஒரு கோடு விழுந்தது. அடுத்து மூன்று நான்கு சேர்ந்தாற்போல் விழுந்தன. கதவைத் தட்டுகிறான் என்று தெரிந்தது. ஊசியைப் பத்திரமாக மேலே தூக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நான் எழுந்து ஓடியிருந்தால் என் காலடி அதிர்விலேயே மூலக்கூறு புரண்டிருக்கும். கூப்பிட்டான் போலிருக்கிறது, சரியாகக் காதில் விழவில்லை. கனமாக ஏதோ விழுந்தது. அதன் பிறகு சத்தம் இல்லை. ஊசியை இறக்கிப் படத்தை முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினேன்.

ஒரு கோடுகூட இல்லாமல் படம் வந்தது. மூன்று கைகளும் துல்லியமாகத் தெரிந்தன. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. உடனே காட்ட வேண்டும் போலிருந்தது. தாழ்ப்பாளைத் திறந்து, "இடி, வாப்பா, வந்து பாரு" என்று கூப்பிட்டேன். கதவோரமாகவே கிடந்தான். விசிறியைப் போட்டேன்.

விபத்து என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். நல்ல மனிதர், ஆனால் அது உண்மை இல்லை. தட்டியது யார் என்று எனக்குத் தெரியும், எதற்குத் தட்டினான் என்றும் தெரியும். தாழ்ப்பாளும் நான் போட்டதுதான். ஆனால் அவன் சாக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, ஐயா. அசையாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.