தவளை நாளில் தலைநிமிர்ந்த தயாரிப்பு மேலாளருக்கு

அட்டவணை ஆண்ட அண்ணலே! அசையாப் படங்களை அசைய வைக்கும் எங்களை, கை நீட்டினால் அடுத்தவர் காதில் இடிக்கும் அனிமேஷன் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் அரவணைத்துக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் அன்பரே! வணக்கம்.

முதலாளி எது சொன்னாலும் தலையசைத்ததால் தங்களுக்கு 'ஆகட்டும் சார்' என்றே பெயர் சூட்டினோம். மூன்று மாதம் முதுகொடிய வரைந்த யானையை அவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஒட்டகமா இருந்தா இன்னும் நல்லாருக்குமே" என்றபோதும், "ஆகட்டும் சார்" என்றீர்கள். பிறகு எங்களிடம் வந்து, "தும்பிக்கையைக் கழட்டிட்டு முதுகுல கொஞ்சம் மேடு வைங்கப்பா" என்றீர்கள். அன்று எங்கள் வாயில் வந்த சொற்களை இங்கே எழுத இயலாது. இம்மடலைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறோம்.

குளிர்சாதனம் கணினிக்கே, மனிதருக்கன்று என்பது நம் நிர்வாகக் கொள்கை. வெக்கை தாளாதவர்கள் "சர்வரைப் பாத்துட்டு வரேன்" என்று குளிரறைக்குள் நழுவுவதைக் கண்டும் காணாதிருந்த கருணைக் கடலே! ஒரே நாளில் பதினொரு பேர் பார்த்துவிட்டு வந்தபோது, "ஏம்ப்பா, அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மட்டுமே கேட்டீர்கள்.

ஆயினும் தங்களை நாங்கள் அறிந்தது, பதினோராண்டுகளுக்கு முந்தைய அந்தத் தவளை நாளில்தான்.

முதலாளியின் மைத்துனர் எல்லாக் கணினிகளிலும் ஒரு வேவு மென்பொருளை ஏற்றியிருந்தார். இரண்டு நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் திரை சிவக்கும், மணி அடிக்கும், நாம் சும்மா இருந்ததாகக் கணக்கில் ஏறும். அந்த வாரம் நம் மூத்த ஓவியர் அக்கா தவளை ஒன்றைத் தாவ வைக்க வேண்டியிருந்தது. உடல் எடை எந்தக் காலில் விழுகிறது என்று அறிய, காலை முழுதும் கண்ணாடி முன் தாமே தவளையாய்க் குதித்தார். மென்பொருளோ, "நாற்பத்தொரு முறை வேலையின்றி இருந்தார்" என்றது. மாலையில் அவருடைய பணிநீக்கக் கடிதம் தங்கள் கையொப்பத்துக்காக முதலாளியின் மேசைக்கு வந்துவிட்டது.

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார் முதலாளி.

அக்காவும் நாங்களும் கதவருகே நின்று எட்டிப் பார்த்தோம். தாங்கள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினீர்கள்.

"ஆகாது சார்."

"என்னது?"

"குதிக்காம தவளை வரையலாம்னா, நீங்களே ஒண்ணு வரைஞ்சு காட்டுங்க சார்."

இளமையில் ஓவியம் பயின்ற முதலாளிக்கு ரோஷம் வந்தது. தம் கணினியிலேயே வரைந்தார். தவளை தாவவில்லை, தலையணை ஒன்று கட்டிலிலிருந்து உருண்டது. அவரே எழுந்து, அலமாரிக் கண்ணாடி முன் குந்தி, ஒருமுறை குதித்தார். பிறகு ஐந்து முறை. "யாரும் பேசாதீங்க! பின்னங்கால் எங்க மடங்குதுன்னு பாக்கணும்" என்று மேலும் குதித்துக்கொண்டிருக்கையில், அவர் திரையே சிவந்து மணி அடித்தது: முதலாளி வேலையின்றி இருக்கிறார்!

பக்கத்தில் நின்ற மைத்துனர் மேற்கூரையை ஆராயத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த முதலாளி, அக்காவைப் பார்த்து, "நாப்பது தடவை எப்படிம்மா குதிச்ச?" என்றார். கடிதத்தைத் தாமே கிழித்தார். மறுநாள் மென்பொருள் போயிற்று. (இதை வாசிக்க முதலாளி அவர்கள் அனுமதி அளித்துள்ளார், குதித்த பகுதியைச் சுருக்கச் சொன்னார், மறந்துவிட்டோம்.)

நாங்கள் அன்று சிரித்துச் சிரித்து வயிறு நொந்தோம். தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஏனென்று சென்ற வாரம்தான் விளங்கியது. தங்கள் மேசையை ஒழிக்க உதவிய அக்காவின் கையில், மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு தாள் அகப்பட்டது. தங்கள் பணிவிலகல் கடிதம். அதே நாள் தேதி; அடியில் தங்கள் கையொப்பம். அக்காவை அனுப்பினால் தாங்களும் கிளம்புவதென்று அதைப் பையில் வைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போயிருக்கிறீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்ற ஒற்றை வரியை அக்கா உரக்கப் படித்தார்; இரண்டாம் முறை படிக்க அவரால் முடியவில்லை.

அந்தச் சொந்தம் யாரென்று அறியாமலே பதினோராண்டு தங்களைக் கேலி பேசித் திரிந்தோம், பெருந்தகையே!

கெடு வைக்க ஆளில்லாக் காலைகளும், கெடாத உடல்நலமும், துணைவியாரோடு தூங்கி எழத் தோதான நெடிய நாட்களும் தங்களுக்கு வாய்க்கட்டும்!

என்றும் தங்கள் சொந்தங்கள்,
அனிமேஷன் கூடப் பணியாளர்கள்