நாற்பத்தொரு மணி நேரம் நின்ற படம்

நாற்பத்தொரு மணி நேரம், இன்ஸ்பெக்டர் மேடம். சனிக்கிழமை மாலை நான்கிலிருந்து திங்கட்கிழமை காலை ஒன்பது வரை. அதற்கு முன்னும் பின்னும் ஜெயப்பிரியாவின் காளான் பதிவில் சரியான படம்தான் இருந்தது. அவள் சொல்வது பொய் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறாளே, அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வீராசாமி இறந்ததற்கு அவள் காரணம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் பெயர் ஷாஹீதா. தாவரவியல் படித்தேன். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. உத்திரமேரூர் பஜாரில் என் அண்ணன் பர்வேஸின் மோட்டார் பம்பு கடையில் பில் போடுகிறேன். ஆட்களிடம் பேச வராது. எழுத வரும்.

விவசாயிகளுக்கென்று ஒரு ஃபோரம் இருக்கிறது. பழைய அமைப்பு. அதில் படத்தை நேராக ஏற்ற முடியாது. வேறெங்காவது ஏற்றி வைத்து, அதன் முகவரியைப் பதிவில் ஒட்ட வேண்டும். பார்ப்பவருக்குப் படம் பதிவிலேயே இருப்பதுபோல் தெரியும். உண்மையில் அது வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே ஒருவர் படத்தை மாற்றினால் பதிவிலும் மாறிவிடும். பதிவு எழுதியவருக்குத் தகவல் எதுவும் போகாது.

இந்த ஏற்றும் வேலை நிறையப் பேருக்குத் தெரியாது. இலையில் புள்ளி, காயில் புழு என்று என் வாட்ஸப்புக்கு அனுப்புவார்கள். கடைக்காக வாங்கிய இணைய இடத்தின் ஒரு மூலையில் நான் ஏற்றி, முகவரியை அனுப்புவேன். ஃபோரத்தில் என் பெயர் பச்சையம். எல்லோரும் என்னை சார் என்பார்கள். நான் திருத்தியதில்லை.

ஜெயப்பிரியா மானாம்பதிக்காரி. கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஃபோரத்தில் மழைக்காளான் பற்றி ஒரு தொடர் எழுதினாள். எதைச் சமைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று. படங்கள் எல்லாம் என்னுடையவை. புற்றுக்காளான் படத்தைப் பழையசீவரம் மலையடியில் எடுத்தேன். குடையின் அடிப்பக்கம் தெரிய வேண்டுமென்று ஈர மண்ணில் குப்புறப் படுத்து எடுத்தேன். அவள் முகவரியை மட்டும் எடுத்து ஒட்டிக்கொண்டாள். என் பெயர் எங்கேயும் இல்லை. அவளுக்குக் காளான் அக்கா என்று பெயர் வந்தது. ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். என் பெயரையும் கீழே போடலாமே என்று.

சிரித்தாள். "அடியே, நெட்ல கீற படம், யாரு எடுத்தா இன்னா? கிளாஸ்ல சார் கேள்வி கேட்டா வாயில கொழுக்கட்டை வெச்சிக்கினு நிப்ப. உனக்கும் சேத்து நான் பேசறேன், போ."

அவள் சொன்னதில் தவறு இல்லை. நான் அப்படித்தான் நிற்பேன். எனக்கு அவள்மேல் கோபம் வந்ததாக நினைவில்லை. அலுப்பாக இருந்தது.

அடுத்தவர் படத்தைச் சொல்லாமல் எடுத்து ஒட்டுபவர்களுக்குப் பாடம் சொல்ல நெட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அதே பெயரில் வேறு படத்தை வைத்துவிடுவார்கள். பெரும்பாலும் கழுதைப் படம். நானும் முதலில் கழுதைதான் தேடினேன். கழுதையைப் பார்த்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். காளான் இருந்த இடத்தில் வேறு காளானை வைத்தால், அவளுக்குக் காளானே தெரியாது என்பது வெளிப்படும். விவரம் தெரிந்த யாராவது கேட்பார்கள், அவள் விழிப்பாள் என்று கணக்குப் போட்டேன். என்னிடம் நச்சுக்காளான் படம் ஒன்று இருந்தது. அதுவும் வெள்ளைக் குடைதான். அதைப் புற்றுக்காளான் படத்தின் பெயரிலேயே ஏற்றினேன். கீழே "தாராளமாகச் சமைக்கலாம்" என்று அவள் எழுதியிருந்தது அப்படியே இருந்தது.

யாரும் கேட்கவில்லை. சனி இரவு இடியோடு மழை பெய்தது.

ஞாயிறு காலை காவாந்தண்டலத்திலிருந்து திலகா என்ற பெண் அந்தப் பதிவின் கீழ் எழுதினாள். படமும் போட்டிருந்தாள். "அக்கா, எங்க கொல்லையில இது மொளச்சிகீது. நீங்க போட்டுக்கீற படம் மாதிரியே கீது. மாமா காலையிலேருந்து ஆக்கு ஆக்குன்னு பேஜார் பண்றாரு. ஆக்கலாமா?"

மாமா என்றது மாமனார் வீராசாமியை.

ஜெயப்பிரியா அப்போது ஒரு கல்யாண வீட்டில் இருந்திருக்கிறாள். பதினொன்றே கால் மணிக்குப் பதில் போட்டாள். "அதேதான் திலகா. மெளகு தூக்கலா போடு. அக்காவுக்கு ஒரு கிண்ணம் எடுத்து வெய்யி."

அவள் இரண்டு படங்களையும் ஒப்பிட்டுத்தான் சொல்லியிருப்பாள். இரண்டும் ஒரே காளான். ஒப்பிட்டதில் பிழை இல்லை. தன் பதிவில் இருப்பது தன் படம்தான் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நாஷ்டா சாப்பிடும்போது அண்ணன் சொன்னார். "காவாந்தண்டலத்துல காளான் துன்னுட்டு மாமனாரும் மருமவளும் பெரியாஸ்பத்திரில கெடக்கறாங்களாம். நெட்டப் பாத்து ஆக்கினாங்களாம். நெட்டு சொன்னா மண்ணக்கூட துன்னுவாங்க போல." நான் அவருக்கு இன்னொரு தோசை வைத்தேன். பிறகு மாடிக்குப் போய்ப் படத்தைப் பழையபடி மாற்றினேன். வேறு யாரும் பார்த்துச் சமைத்துவிடக் கூடாதே என்றுதான் மாற்றினேன். மணி ஒன்பது.

செவ்வாய்க்கிழமை வீராசாமி இறந்தார். அறுபத்தெட்டு வயது. உடம்பு தாங்கவில்லை என்றார்கள். புதன்கிழமை நீங்கள் ஜெயப்பிரியாவை அழைத்து வந்தீர்கள். பதிவில் சரியான காளான் இருக்கும்போது எப்படித் தவறு நடந்தது என்று உங்களுக்குப் புரியவில்லை. திலகா போட்ட படத்தைப் பார்க்கலாம் என்றால் அந்த இடத்தில் வெற்றுக் கட்டம் மட்டும் தெரிகிறது. ஜெயப்பிரியா அழித்துவிட்டாள் என்று நினைக்கிறீர்கள். அவளால் அழிக்க முடியாது.

தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

இதுவரை சொன்னதை எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால், இன்னும் ஒன்று இருக்கிறது. ஜெயப்பிரியாவுக்காக வந்தேன் என்றேன். அவள் புதன்கிழமையிலிருந்து இங்கே வந்து போகிறாள். இன்று சனிக்கிழமை. திலகா கண் விழித்துப் பேசுகிறாள் என்று இன்று காலை அண்ணன் சொன்னார். அதன் பிறகுதான் செருப்பை மாட்டினேன். திலகாவின் போனை நீங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

திலகாவுக்குப் படம் ஏற்றத் தெரியாது. ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு எனக்கு அனுப்பினாள். முறத்தில் பரப்பி வைத்த காளான்கள். ஓரத்தில் அவள் கால் விரல் தெரிந்தது. அதை வெட்டி எடுப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். அப்போது பார்த்தேன். நான் மாற்றி வைத்த அதே காளான். எனக்கு ஒரு பார்வை போதும்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். "சார், அக்காவ கேக்கப் போறேன். நீங்களும் ஒரு தபா பாத்து சொல்லுங்க சார். வூட்ல பெரியவரு கீறாரு."

வேண்டாம் என்று எழுதினேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பதிவில் அதே படம் இருக்கிறதே என்பாள். யார் மாற்றியது என்று எல்லோரும் தேடுவார்கள். எழுதியதை அனுப்பாமல் அழித்தேன். கேள்விக்குப் பதில் சொல்வது ஜெயப்பிரியாவின் வேலை, படம் ஏற்றுவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன். கால் விரலை வெட்டி, அளவைக் குறைத்து, ஏற்றி, முகவரியை அனுப்பினேன். திங்கட்கிழமை அந்தப் படத்தை அழித்ததும் நான்தான்.

முகவரியோடு ஒரு வரியும் அனுப்பினேன், மேடம். "பார்த்தேன் அம்மா, படம் தெளிவாக இருக்கிறது." சமைக்கலாம் என்று அவள் எடுத்துக்கொள்வாள் எனத் தெரிந்துதான் அனுப்பினேன்.