விருந்தில் கை நனைக்காதவள்

நாயுடுபேட்டையிலிருந்து திருப்பதி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க, இரண்டு பெண்கள்.

“நேத்து என்னைத் தவிர எல்லாரும் செத்துட்டாங்கடி!” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“ரூம்ல ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கினு பகடை உருட்டி ஆடுறீங்களே, அந்தக் கதைலயா?” என்றாள் தோழி.

“ஆமா. நான் அதுல வாள் சண்டக்காரி. ராஜா விருந்து வெச்சான். எல்லாரும் கறி துன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்.”

“ஏன்?”

“நேத்து வெள்ளிக்கிழமை. தவக்காலத்துல நாங்க கறி துன்ன மாட்டோம்.”

“நீ சரி. கதைல இருக்கறவ துன்னா இன்னா?”

“அப்படித்தான் எல்லாரும் சிரிச்சாங்க. துன்னலன்னா ராஜா உன் வாளப் புடுங்கிக்குவான்னான் கதை நடத்துறவன். புடுங்கிக்கட்டும்னேன். பாத்தா, கறில விஷம்! எல்லாரும் அவுட்டு. வெறுங்கையோட ராஜா மேல பாஞ்சி பகடை போட்டேன், அந்தப் பகடைல இருக்கறதுலயே பெரிய நம்பரு, இருவது உழுந்துச்சி. கோட்டை என்னுதுடி!”

தோழி அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “அடிப்பாவி! அப்புறம்?”

“அவங்களுக்குப் புது வேஷம் குடுத்துட்டான். வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் விருந்தாம். இந்தத் தடவ அவங்களும் கறி துன்ன மாட்டாங்களாம்.”

“அப்போ சாம்பார்ல வெப்பான்.”

“வெச்சிக்கட்டுமே! அன்னிக்கிப் பெரிய வெள்ளி. அவங்க சாம்பார் துன்றப்போ நான் கோயில்ல சிலுவைப்பாதைல இருப்பேன்.”