சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும்

ஒரு ஜோடிச் செருப்பு வாங்குவதென்றால்கூட நான்கு கடை ஏறி இறங்குகிறவன் நான். வாங்கி வீட்டுக்கு வந்த பிறகும் மற்றதை எடுத்திருக்கலாமோ என்று இரண்டு நாள் யோசிப்பேன். அதனால் உடற்பயிற்சித் திட்டத்தை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது. உங்கள் தீயணைப்பு நிலைய வலை ஏன் கிழிந்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள். சொல்கிறேன். வலையிலிருந்து தொடங்கினால் உங்களுக்குப் புரியாது, அதனால்தான் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

நான் மாலை நேர ஜூடோ வகுப்புக்குப் போகிறேன். மரச்சாமான் கிடங்குக்கு மேல்மாடி. கீழே வார்னிஷ் அடித்தால் மேலே எங்களுக்குத் தலை சுற்றும். வகுப்பில் எனக்குக் கொடிக்கம்பி என்று பெயர். பிடியும் அடிவைப்பும் எனக்குச் சுத்தமாக வரும். ஆளைத் தூக்கும் இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகும். எதிராளி என் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டு, "தம்பி, எதாவது பண்றியா, இல்ல நான் இறங்கிக்கவா?" என்று கேட்பான்.

நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தற்காப்புக் கலை பழகுகிறவன் கூடவே கனமான சுமை தூக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எப்படித் தூக்குவது என்பதில்தான் சண்டை. மூன்று மூன்றாகத் தூக்கு என்கிறார் ஒருவர். வாரம் ஒரு நாள் போதும் என்கிறார் இன்னொருவர். நான் பல நாள் யோசித்து, ஐந்து தடவை, ஐந்து சுற்று என்ற திட்டத்துக்கு வந்தேன். வகுப்பு நடக்கும் நாளிலேயே தூக்கிவிட வேண்டும், மறுநாள் ஓய்வு. முக்கியமான விதி ஒன்றுதான்: சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும். கூடாவிட்டால் அது பயிற்சி இல்லை, வெறும் வேலை.

மாஸ்டரிடம் அனுமதி கேட்டேன்.

"இரும்பைத் தொட்டவன் என் ஜூடோ பாய்ல கால் வைக்கக் கூடாது," என்றார். "உடம்பு கட்டையாப் போயிடும். உனக்குச் சுமைதானே வேணும்? பக்கத்துல நிக்கிற ஆளைத் தூக்கு."

பக்கத்தில் நின்றவர் என் அத்தான்.

அத்தானை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், உங்கள் நிலையத்து ஆள். ஆறு வருடமாகத் தற்காலிகத் தீயணைப்பு வீரர். நிரந்தரமாக்குவதற்கு முன் எடை பார்ப்பார்கள், வரம்புக்கு மேல் இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா சாப்பாட்டு வேளையில் தினமும் சொல்வாள். எடையைக் குறைக்கத்தான் அவர் என்னோடு வகுப்பில் சேர்ந்தார். அவர் எடை குறைய வேண்டும், என் சுமை கூட வேண்டும். இரண்டும் ஒரே ஆள். இதில் எனக்கு இருந்த சங்கடத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

முதல் சில வாரங்கள் அவரைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்தேன். அவர் ஒழுங்காக இளைத்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் குறைவாகத் தூக்கிக்கொண்டிருந்தேன். எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு திட்டம் கிடையாது.

ஏன் வேறு ஆளைத் தூக்கவில்லை என்கிறீர்கள். நல்ல கேள்வி, நானும் கேட்டுக்கொண்டேன். வகுப்பில் ஒரு லாரி டிரைவர் இருக்கிறார். ஆனால் அவர் அத்தானைவிட ஏகப்பட்ட எடை அதிகம். ஒரே தாவலில் அவ்வளவு ஏறினால் முதுகு போய்விடும். பாதுகாப்பு விஷயத்தில் நான் விளையாடுவதில்லை.

ஆகவே சமையலை நான் எடுத்துக்கொண்டேன். "அத்தானுக்குப் பத்தியச் சாப்பாடு நான் பாத்துக்கறேன்க்கா, நீ தையல் வேலையைப் பாரு," என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. காய்கறி சூப்பில் வெண்ணெயைக் கரைத்தேன். மிளகு தூக்கலாகப் போட்டால் நாக்குக்குத் தெரியாது. பாலில் வேர்க்கடலையை அரைத்து விட்டேன். உடம்பு தேறுவதற்கென்று கடையில் ஒரு மாவு விற்கிறார்கள். அதன் லேபிளைக் கிழித்துவிட்டு, இளைப்பதற்கான மாவு என்று சொல்லிக் காலையிலும் இரவிலும் கொடுத்தேன். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அவரைப் போல் ஒழுங்கான மனிதரைப் பார்ப்பது அபூர்வம்.

எடை பார்க்கும் மெஷினுக்கு அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பல் துலக்கும்போது அதை இம்மியளவு திருப்பி வைப்பேன். முள் வாரா வாரம் கொஞ்சம் இறங்கும். அவர் குளியலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வருவார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்ததும் நான்தான். அதை யாரும் சொல்வதில்லை.

சட்டைகள்தான் கொஞ்சம் தொந்தரவு செய்தன.

"ஏங்க, முள்ளு இறங்குது, பித்தான் தெறிக்குதே?" என்றாள் அக்கா.

"துணி சுருங்குதுடி. நீ வாங்குற சோப்பு அப்படி."

"அப்ப உங்க கழுத்தும் சோப்புலதான் வீங்குச்சா?"

"ஏய், அது ஜூடோ கழுத்து. மாப்ளே, சொல்லேன் உங்கக்காகிட்ட."

நான் சொன்னேன். ஜூடோ பழகினால் கழுத்து பெருக்கும் என்பது உண்மைதான். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

என் முன்னேற்றம் அபாரமாக இருந்தது. லாரி டிரைவரைத் தோளுக்கு மேலாக வீசினேன். அவர் பாயில் கிடந்தபடியே, "கம்பியா இருந்தவன் கிரேன் ஆயிட்டான்டா!" என்றார். மாஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். படுத்தால் தூக்கம் வரவில்லை. ஐந்து சுற்று சரியா, ஆறு போட்டிருக்க வேண்டுமோ, நான் தப்பான திட்டத்தில் இருக்கிறேனோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இத்தனை மாதமும் என்னை உறுத்தியது அந்த ஒன்றுதான்.

இனி வலை. காலையில் மாடியிலிருந்து குதிக்கும் சோதனை, பிற்பகல் மருத்துவர் எடை பார்ப்பார் என்று அத்தான் முந்தின நாளே சொன்னார். வலை எடுத்து வைக்க எடையைக் கேட்டார்களாம், வீட்டு மெஷின் காட்டியதைச் சொன்னாராம். "பழைய வலையே போதும்னுட்டாங்க மாப்ளே. எல்லாம் உன் சூப்புதான்," என்று என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டிலேயே அவர் கை எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசித்தேன். ஆனால் மறுநாள் மாலை வகுப்பு, என்னுடைய ஐந்து சுற்றும் இருந்தது. அவர் மனசு உடைந்து அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டால் சுமை இறங்கிவிடும். இரண்டாவது முறை பரிமாறினேன்.

காலையில் உங்கள் ஆட்கள் நான்கு பேர் வலையைப் பிடித்திருந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அத்தான் மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக் கை அசைத்துவிட்டுத்தான் குதித்தார். வலை அவரைப் பிடித்தது, ஒரு கணம் யோசித்தது, பிறகு விட்டுவிட்டது. வலைமேல் குற்றமில்லை. பிடித்திருந்தவர்கள் மேலும் இல்லை. அவர்களைத் தற்காலிக நீக்கம் செய்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாகவே வந்தேன். வெண்ணெய், மாவு, சக்கரம், மூன்றும் என் கை. எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு. அந்த வேலை இனி இல்லை என்று உங்கள் அலுவலகத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நேற்று அக்காவிடம், "நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போல," என்றார். மாவுக்கட்டு ஒரு காலுக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று நர்ஸிடம் கேட்டேன். "உனக்கெதுக்குடா அது?" என்றாள் அக்கா. குளியலறைக்கும் கட்டிலுக்கும் அவரைத் தூக்கிக்கொண்டு போகப்போவது நான்தானே என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தினமும் ஐந்து தடவை தூக்குகிறேன். அவருக்கு இரண்டு தடவை போனால் போதும்தான்.

வாசல்படியில், இருட்டில், ஈரத் தரையில், எப்படியெல்லாமோ அவரைத் தூக்கியிருக்கிறேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் அவரைக் கீழே போட்டதில்லை. உங்கள் அறிக்கையில் வேறு எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வரி இருக்க வேண்டும்.