பனியாறு இருந்த இடம்

தேத்தண்ணீரில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. பிள்ளை, உங்கள் பெயர் தர்மிகா என்றார்கள். நான் தமிழில் சொல்வதை இந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே ஜெர்மனில் சொல்லுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

பிரபாலினி பாசல் நகரில் இருந்தார். விக்டோரியா மகாராணி காலத்தில் நடக்கும் துப்பறியும் நாவல் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலை பார்க்க வந்த ஆங்கிலேயச் சீமாட்டி ஒருத்தி விடுதியிலிருந்து காணாமல் போகிறாள், அதுதான் கதை. அந்தக் காலத்து வரலாற்றையும் புவியியலையும் எழுதித் தரும்படி வின்டர்தூர் நகரில் இருக்கும் என்னைக் கேட்டார். வேலையால் வந்து, சாப்பிட்டு, மேசையைத் துடைத்துவிட்டுத்தான் எழுத உட்காருவேன். குதிரை வண்டி எந்தக் கணவாயால் ஏறியது, நீளப் பாவாடையோடு சீமாட்டிகள் உறைந்து கிடக்கும் பனியாற்றில் எப்படி நடந்தார்கள், விடுதியில் வெந்நீர் சுமந்தது யார், எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

பிறகு அவருடைய பதில்கள் சுருங்கின. "நல்லது அண்ணை" என்பார். அந்த "நல்லது" எனக்குச் சரியாகப் படவில்லை. தொலைபேசியில் கேட்டேன்.

"கனகரத்தினம் அண்ணை, கோவிக்காதேங்கோ. பிணம் விழ முன்னமே வாசகர் நித்திரையாப் போயிடுவினம். நீங்கள் எழுதின பின்னணியை வெட்டிப்போட்டன்."

"முழுக்கவோ?"

"ஒரு பந்தி இருக்கு. வெந்நீர்க்காரன் தப்பிட்டான்."

சிரித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் சிரித்தது போலிருந்தது. வானொலியாகவும் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

எனக்குக் கோபமில்லை. "ஒருக்கா உங்கட கதை நடக்கிற அந்த மலையை வந்து பாருங்கோ தங்கச்சி" என்றேன். வந்தார்.

விக்டோரியா காலத்தில் பனியாறு மலைப்பாதையின் விளிம்புவரை நிறைந்து கிடந்தது. சீமாட்டிகள் பாதையிலிருந்து ஒரே எட்டில் பனியில் கால் வைத்தார்கள். இப்போது அது உருகி வெகு மேலே ஒதுங்கிவிட்டது. விளிம்புக்குக் கீழே பள்ளமும் பாறையும்தான். இதையும் எழுதித்தான் கொடுத்திருந்தேன். அவர் அந்தப் பக்கங்களை வாசிக்கவே இல்லையோ என்று எனக்கு முதலே ஒரு சந்தேகம்.

அன்று மூடுபனி இறங்கிப் பள்ளம் முழுக்க வெள்ளையாக நிறைந்திருந்தது. பிரபாலினி விளிம்பில் நின்று கேட்டார்.

"அண்ணை, என்ர சீமாட்டி பனிக்கு இறங்கினது இதாலயோ?"

"ஓம் தங்கச்சி. இதாலதான்."

நான் பொய் சொல்லவில்லை. அவரைத் தொடவுமில்லை. பனியாறு என்று நினைத்து அவராகத்தான் கால் வைத்தார். வாசித்திருந்தால் வைத்திருக்க மாட்டார்.

விளிம்பில் கட்டியிருந்த எச்சரிக்கைக் கயிறு காற்றில் அறுந்திருக்கும் என்று அதிகாரி எழுதி வைத்திருக்கிறாராம். அதைத் திருத்தச் சொல்லுங்கள் பிள்ளை, பிழையான தகவல் எழுத்தில் நிற்கக்கூடாது. முந்தின நாள் தனியாகப் போய் அதை அவிழ்த்துச் சுருட்டி வைத்தது நான்தான். விக்டோரியா காலத்தில் அங்கே கயிறு கிடையாது.